ராக்கியண்ணன் சார்பாக வசந்தாமணி

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கோங்கக்கா. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க. நீங்க வெள்ளகோவிலுங்களா? நான் கரூரு வரைக்கும் போறேன். சோலி ஒண்ணும் நல்ல சோலி இல்லீங்க. அங்க சபரிநாதன்னு ஒருத்தன் கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறான். அவனை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும். அதுக்குத்தான் காலைல குளிச்சு நல்ல சேலையாக் கட்டீட்டுக் கெளம்புனேன்.

பஸ்ஸு வெள்ளகோவில் போறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுமில்லீங்க? அப்பச் சொல்லலாம். யாருகிட்டயாச்சும் சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். வீட்ல அவருகிட்டச் சொன்னா, உட்டுத்தள்ளு புள்ளைங்கறாரு. உட்டுத்தள்றதுக்கு இதென்ன சோத்துல கெடக்கற கல்லுங்களா?

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. எக்ஸ்போர்ட்டு. கம்பெனி பேரு எதுக்குங்க, மொதலாளி பேரைச் சொல்றேன். ராக்கியண்ணன். நல்லாக் கேட்டுக்கோங்க, ராக்கியண்ணன். எட்டாவது படிச்சவரு. கட்டிங் டேபிள்ல நின்னு துணி வெட்டீட்டு இருந்தவரு. இன்னிக்கு நானூறு பேருக்கு வேலை குடுக்கறாரு, ஒத்துக்கறேன், உழைப்பாளிதான். ஆனா இங்கிலீசுன்னா எஸ்ஸு, நோ, தேங்க்யூ, நோ பிராப்ளம், இந்த நாலுதான் தெரியும். இந்த நாலை வெச்சுட்டு ஜெர்மனிக்காரனுக்குச் சட்டை விக்க முடியுங்களா? மீதி இங்கிலீசு பூராவும் யாருது? என்றதுங்க. வசந்தாமணி, பி.ஏ. இங்கிலீசு லிட்டரேச்சர். காலேஜுல ரெண்டாவது ராங்க்கு.

அன்னாடும் பத்து மணிக்கு மொதலாளி ரூமுக்குப் போவேன். அவரு கம்ப்யூட்டருக்கு முன்னால நான் உக்காருவேன், அவரு எதுக்கால சேர்ல உக்காருவாரு. வந்த மெயிலை எல்லாம் தமிழ்ல படிச்சுக் காட்டோணும். அவரு தமிழ்ல பதில் சொல்லுவாரு. நான் என்ற சீட்டுக்குப் போயி இங்கிலீசுல எழுதி அனுப்புவேன். பதினோரு வருசம், ஒரு நாள் தவறாம.

அவரு சொல்ற பதிலைக் கேட்டீங்கன்னா காதைப் பொத்திக்குவீங்க. எங்களுக்குப் பெரிய பையரு, அதாவது சரக்கு வாங்கறவங்க, ஒரு அம்மா. ஜெர்மனியில இருக்கறாங்க, இங்கான்னு பேரு. கலரு கொஞ்சம் மங்கலா இருக்குது, மறுபடி சாயம் போட்டு சாம்பிள் அனுப்புங்கன்னு அந்தம்மா எழுதுவாங்க. இவரு என்ன சொல்லுவாரு தெரியுங்களா? "அந்தப் பொம்பளைக்கு வேற பொழப்பே இல்லியாமா? மூக்கால அழுதுட்டே கெடக்கறா. முடியாதுன்னு எழுது." நான் என்ன எழுதுவேன்? தங்கள் கண்ணின் கூர்மையை மிகவும் மதிக்கிறோம், தாங்கள் சொன்ன குறை உண்மைதான், ஆயினும் பருவம் நெருங்குவதால் இதே நிறத்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் நன்றியுடையவர்களாக இருப்போம். இப்புடிப் போகுமுங்க என்ற கடுதாசி. அந்தம்மா ஒத்துக்குவாங்க. இவரு மீசையை நீவிட்டு, "பாத்தியா, கண்டிசனாச் சொன்னாத்தான் கேக்கறாங்க"ம்பாரு. வயிறு எரியுங்களா எரியாதுங்களா?

அந்தம்மா வீட்டுக்காரர் செத்துப்போனப்ப, "வருத்தமுன்னு ரெண்டு வரி போட்டுடு"ன்னாரு. நான் ரெண்டு வரியா போட்டேன்? எங்கப்பா செத்த அன்னிக்கு அவரு செருப்பு வாசல்ல கெடந்துச்சுங்க, அதை எடுத்து வெக்க யாருக்கும் கை வரல, பத்து நாளு அப்புடியே கெடந்துச்சு. அதை எழுதுனேன். ஒரு பக்கம் எழுதுனேன். எழுதறப்பவே அழுதுட்டேன். அந்தம்மா பதில் போட்டிருந்தாங்க, இந்தக் கடுதாசியை அச்செடுத்து மடிச்சுப் பர்சுல வெச்சிருக்கறேன்னு. அதுக்குக் கீழ என்ன பேருங்க இருந்துச்சு? ராக்கியண்ணன். எங்கப்பன் செருப்புக்குக் கீழ ராக்கியண்ணன் கையெழுத்து.

இது எப்புடின்னா, பதினோரு வருசத்துக்கு முன்னால இந்தச் சபரிநாதன் எங்க கம்பெனிக்கு வந்து கம்ப்யூட்டர் எல்லாம் மாட்டுனான். என்ற சீட்டுல இருந்தே, என்ற கணக்குல இருந்தே, மொதலாளி பேர்ல மெயில் போற மாதிரி என்னமோ பண்ணிக் குடுத்தான். நான் அனுப்புனதை எடுத்துப் பாத்தா ராக்கியண்ணன்னு மட்டும்தான் இருக்கும். வசந்தாமணிங்கற பேரு பூதக்கண்ணாடி வெச்சுத் தேடுனாலும் கெடைக்காது. என்ற கண்ணுல பாத்ததைச் சொல்றனுங்க.

சரி, பொழப்புன்னு இருந்தேன். தை மாசத்துல கம்பெனிக்கு இருவத்தஞ்சாவது வருச விழா வந்துச்சு. கல்யாண மண்டபம் புடிச்சு, ஸ்டேஜு போட்டு, ஜெர்மனியில இருந்து அந்த இங்கா அம்மாவே வந்திருந்தாங்க. நான் பட்டுச்சேலை கட்டீட்டுப் போனேன். என்னைய எங்க உக்கார வெச்சாங்க தெரியுங்களா? மூணாவது வரிசை. முன்னால ஒரு தூணு. மொத வரிசைல மொதலாளியோட மருமக மதுமிதா. எம்.பி.ஏ. கம்பெனிக்கு வந்தே ஒண்ணரை வருசம்தான் ஆகுது. அந்தப் புள்ளை அந்தம்மாகூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுது. என்ற இங்கிலீசுல சம்பாரிச்ச சிரிப்புங்க அது.

மொதலாளி மைக்கைப் புடிச்சாரு. வரிசையா நன்றி சொல்றாரு. கட்டிங் மாஸ்டரு பேரைச் சொன்னாரு. டிரைவர் பேரைச் சொன்னாரு. சமையக்காரம்மா பேரைச் சொன்னாரு. வாட்ச்மேன் பேரைக்கூடச் சொன்னாருங்கக்கா. ஒவ்வொருத்தரும் மேல போயி சால்வை வாங்கறாங்க. என்ற பேரு எங்க? அவரு பேசி முடிக்கற வரைக்கும் யாரு காத்துட்டு இருக்கறது? எந்திரிச்சு வந்துட்டேன். சாப்புடக்கூட இல்லீங்க. டவுன் பஸ்ஸுல வர்றப்ப அக்கவுண்ட்ஸ்ல இருக்கற சரசு நாலு தடவை போன் அடிச்சா. ஆஃப் பண்ணிப் பையில போட்டுட்டேன்.

மறுநாளு போனா சரசு ஓடி வந்து, "அக்கா, நேத்து ஸ்டேஜுல என்ன ஆச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா. அந்தப் பேச்சே எங்கிட்ட எடுக்காதேன்னு சொல்லிட்டேன். அவளும் பாவம், வாயை மூடிட்டா. மொதலாளி பத்து மணிக்கு, "நேத்து எங்கம்மிணி போயிட்டே?"ன்னாரு. தலைவலின்னேன். ம்னாரு. அம்புட்டுத்தான். ஒரு சால்வை மேசை மேல மடிச்சு வெச்சிருந்துச்சு. யாருக்கோ மிச்சமானதாட்ட இருக்குது. நான் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

ரெண்டு மாசம் பொறுத்தனுங்க. வெளிய ஒண்ணும் காட்டிக்கல. பத்து மணிக்குப் போறது, படிக்கறது, எழுதறது. ஆனா உள்ளுக்குள்ள ஒரே நெனப்பு. இந்த ராக்கியண்ணன் மொகத்துல கரியைப் பூசோணும். எந்தக் கடுதாசியால மேல ஏறுனாரோ அதே கடுதாசியால கீழ எறக்கோணும். நைசா எழுதறதுதான் என்ற தொழிலு. நாராசமா எழுத எனக்குத் தெரியாதுங்களா?

பங்குனி மாசத்துல அடுத்த சீசன் ஆர்டரைப் பத்தி அந்தம்மா எழுதியிருந்தாங்க. கழுத்துப் பட்டி கொஞ்சம் தளர்வா இருக்குது, சரி பண்ண முடியுமான்னு. வழக்கம்போலப் படிச்சுக் காட்டுனேன். இவரும் வழக்கம்போலப் பேசுனாரு. நான் சீட்டுக்கு வந்தேன். மத்தியானம், எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. பதினோரு வருசமா அவரு பேசுனதை மாத்தி மாத்தித்தானுங்களே எழுதுனேன்? அன்னிக்கு ஒரே ஒரு தடவை மாத்தாம எழுதுனேன்.

உனக்கு வேற பொழப்பே இல்லையா. கலர் சரியில்லை, கழுத்து சரியில்லைன்னு வருசம் பூராவும் மூக்கால அழறே. உன்ற ஆர்டர் இல்லாட்டி எங்க அடுப்பு எரியாதுன்னு நெனச்சயா. அடுத்த சீசனுக்கு வேற எவனாச்சும் இளிச்சவாயன் கெடைப்பான், அவனைப் பாத்துக்கோ. இப்படிக்கு ராக்கியண்ணன். இங்கிலீசுல எழுதுனா இன்னும் சூடா இருந்துச்சுங்க. ஒரு எழுத்துப்பிழை இல்ல. ரெண்டு தடவை படிச்சுப் பாத்து அனுப்புனேன். அனுப்புனதுக்கு அப்பறமும் தெறந்து பாத்தேன். மேல ராக்கியண்ணன், கீழ ராக்கியண்ணன். வேற ஒரு பேரு இல்ல.

அன்னிக்கு டிபன் பாக்ஸுல தக்காளிச் சோறு. அத்தனை ருசியா நான் என்ற ஆயுசுல சாப்புட்டதில்லைங்க.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. ஆர்டர் போச்சுன்னா நானூறு பேரு பொழப்பு என்ன ஆகும்னுதானுங்களே? எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைகூட அங்க பேக்கிங்குலதான் இருக்குது, நான்தான் சேத்துவுட்டேன். அதையெல்லாம் மொதலாளியில்லீங்க நெனைக்கோணும்? நான் எதுக்கு நெனைக்கோணும்?

மூணாம் நாளு பதில் வந்துச்சு. பத்து மணி. நான் போயி உக்காந்தேன். எதுக்கால மொதலாளி. அன்னிக்குன்னு பாத்து அந்த மதுமிதாவும் எனக்குப் பின்னால வந்து நிக்குது. நிக்கட்டும், மாமனாருக்கு விழுகற திட்டை மருமகளும் கேக்கட்டும்னு நெனச்சேன். அந்தம்மா திட்டியிருப்பாங்க, அதை ஒரு வார்த்தை உடாம அவரு மூஞ்சியைப் பாத்து நான் படிப்பேன். அந்த நிமிசத்துக்குத்தானுங்களே ரெண்டு மாசம் காத்துட்டு இருந்தேன்.

தெறந்தேன். மொத வார்த்தை, அன்புள்ள வசந்தாமணி.

 கண்ணைக் கசக்கீட்டுப் பாத்தேன். மொதலாளி பேருக்கு வந்த மெயிலு. உள்ள என்ற பேரு. மொதலாளி, "ம், படி அம்மிணி"ங்கறாரு. வாயில வந்ததைச் சொன்னேன். அன்புள்ள ராக்கியண்ணன் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல், சாம்பிள் வந்து சேந்தது, கலரு நல்லா இருக்குது, கழுத்துப் பட்டி அப்புடியே இருக்கட்டும். அவரும், "பரவால்லியே, அந்தம்மா திருந்தீட்டாளாட்ட இருக்குது"ங்கறாரு.

நான் முடிக்கற வரைக்கும் அந்தப் புள்ளை ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னுச்சு. முடிச்சதுக்கப்பறம் மெதுவா, "அக்கா, இப்ப அதுல இருக்கறதைப் படிங்க"ன்னுச்சு. "மொத வார்த்தையில இருந்து."

படிச்சேன். வேற என்னங்க பண்றது? அன்புள்ள வசந்தாமணி. பதினோரு வருசமா உங்க கடுதாசிகளைப் படிக்கறேன். அதுல நான் நம்பாத மொதக் கடுதாசி இதுதான். உங்களுக்கு என்னமோ ஆயிருக்குது, என்னன்னு தெரியல. போன தடவை நான் திருப்பூர் வந்ததே உங்களைப் பாக்கத்தான். கடைசியா உங்க பேரைச் சொல்லி உங்க மொதலாளி ஸ்டேஜுக்குக் கூப்புட்டாரு. நான் சால்வையைக் கையில வெச்சுட்டு நின்னேன். நீங்க வரல. உங்க அப்பாவோட செருப்பைப் பத்தி நீங்க எழுதுனது இன்னமும் என்ற பர்சுலதான் இருக்குது. உங்க மொதலாளிக்காக எத்தனையோ எழுதீட்டீங்க. உங்களுக்காக ஒண்ணு எனக்கு எழுதுங்க.

இம்புட்டும் என்ற வாயாலயே படிச்சேன். பழக்கதோசத்துல நல்லா ஏத்த எறக்கத்தோட படிச்சேனுங்க, அதை நெனச்சாத்தான் எனக்கு ஆத்தரமா வருது.

எப்புடித் தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? நானும் அதைத்தான் கேட்டேன். அந்தப் புள்ளை கை நீட்டி மெயிலைக் கீழ தள்ளிக் காட்டுச்சு. பதில் மெயிலுக்கு அடியில, நாம அனுப்புன பழைய மெயிலு வாலாட்டத் தொங்கீட்டு இருக்கும். நான் எழுதுனதுதான, அதை நானே எதுக்குப் படிக்கோணும்னு ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லீங்க. அங்க அனுப்புநர்னு ஜெர்மன்ல போட்டு வசந்தாமணின்னு இருக்குது. அதுக்கப்பறம் மூணு ஜெர்மன் வார்த்தை. அதுக்கப்பறம் ராக்கியண்ணன். ராக்கியண்ணன் சார்பாக வசந்தாமணின்னு அர்த்தமாமா. "சில மெயில் புரோகிராம் ரெண்டு பேரையும் காட்டுமுங்கக்கா, சிலது மொதலாளி பேரை மட்டும் காட்டும். நம்முளுது காட்டாது. அவங்களுது மொத நாள்ல இருந்தே காட்டியிருக்குது"ன்னுச்சு. பழைய மெயிலு ஒண்ணொண்ணாத் தெறந்து காட்டுச்சு. எல்லாத்துக்கும் அடியில நான்.

கடைசியா நான் அனுப்புன திட்டுக் கடுதாசியையும் அந்தப் புள்ளை மாமனாருக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டுச்சு. மொதலாளி சொல்றாரு, "நாந்தான் அம்மிணி அன்னிக்குச் சபரிகிட்டச் சொன்னேன். எழுதறது அந்தப் புள்ளை, அது பேரும் போகட்டும், நல்லதோ கெட்டதோ யாரு எழுதுனதுன்னு பாக்கறவனுக்குத் தெரியோணுமில்ல, அப்புடீன்னேன். உனக்குத் தெரியுமுன்னு நெனச்சேன்."

கேட்டீங்களா இந்த நாயத்தை? நல்லதோ கெட்டதோவாமா. நாளைக்கு ஏதாச்சும் தப்பு நடந்தா மாட்டி உடறதுக்குத்தான் பேரைப் போட்டு வெச்சிருக்கறாரு. இல்லாட்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாருங்களா? சும்மா சொல்லக் கூடாது, மனுசன் கோவப்பட்டிருந்தா எனக்குக்கூட ஆறியிருக்கும். அவரு கோவப்படல. "சரி, பதில் எழுது. நாந்தான் கோவத்துல அப்புடி எழுதச் சொன்னேன், தப்பு என்றதுன்னு எழுது. என்ற பேர்ல எழுது. இந்த ஒரு மெயிலுக்கு உன்ற பேரு வராத மாதிரி பண்ண முடியுமான்னு சபரியைக் கேளு. உனக்கெதுக்குக் கெட்ட பேரு"ங்கறாரு.

அப்பத்தானுங்க எனக்குத் தலைக்கு ஏறுச்சு. மன்னிப்புக் கடுதாசிகூட அவரு பேர்லதானா? அதுலயும் என்ற பேரை அழிக்கோணுமா? அதையும் நான்தான் நல்ல இங்கிலீசுல எழுதோணும், அந்தம்மா படிச்சுட்டு, ஆகா, என்ன பெருந்தன்மையான மனுசன்னு அதையும் மடிச்சுப் பர்சுல வெச்சுக்கோணும். அந்த நிமிசமே டிபன் பாக்ஸை எடுத்துட்டு எறங்கி வந்துட்டேன்.

ஒரு மாசமாச்சுங்க. ரெண்டு தடவை சரசுவைத் தூது உட்டாரு. அவரே வரட்டுமே, ஆளு எதுக்கு உடறாருன்னேன். ஒரு நாளு அவரே வந்தாரு. வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு. நான் கதவைத் தெறக்கல. கால் மணி நேரம் நின்னு பாத்துட்டுப் போனாரு. கதவிடுக்குல ஒரு பை மாட்டியிருந்துச்சு, உள்ள அந்தச் சால்வை. கொண்டுபோயித் தொட்டித் தண்ணியில முக்கி வாசப்படி தொடச்சேன். நல்லாத் தண்ணி இழுக்குதுங்க.

ஆர்டரா? அது வந்துருச்சாமா. போன வருசத்தைவிட அதிகமாம். அந்த மதுமிதா எழுதுச்சாமா. என்ற பழைய கடுதாசியை எல்லாம் எடுத்து வெச்சுப் பாத்துப் பாத்து எழுதுதுன்னு சரசு சொன்னா. எழுதட்டும். எத்தனை நாளைக்கு ஓடும்னு பாக்கறேன்.

நானும் சும்மா இருக்கலீங்க. உங்களுக்காக ஒண்ணு எழுதுங்கன்னு அந்தம்மா கேட்டாங்க இல்லீங்க? எழுதுனேன். என்ற போன்ல, என்ற சொந்தக் கணக்குல, யாரு சார்பாகவும் இல்லாம, வசந்தாமணின்னு பேரு போட்டு மூணு பக்கம். ராக்கியண்ணன் வண்டவாளம் பூராவும் தண்டவாளத்துல ஏத்தீட்டேன். மூணாவது வரிசை, தூணு, வாட்ச்மேன் சால்வை, அந்தம்மாவைப் பத்தி அவரு தெனமும் என்ன பேசுவாருங்கறது, ஒண்ணு உடல. இன்னியோட பத்தொம்பது நாளு ஆகுது. அன்னாடும் விடிஞ்சதும் போனைத்தான் பாக்கறேன். பதில் இல்லீங்க. எனக்குத் திருப்பி எழுதாத பொம்பளை இல்ல அது. பதினோரு வருசத்துல ஒரு கடுதாசிக்கு ரெண்டு நாளுக்கு மேல ஆனதில்ல.

அதுக்குத்தான் இந்தச் சபரிநாதன்கிட்டப் போறேன். நாலு கேள்வி கேக்கறதும் இருக்குது, அதுக்கு முன்னால போனைக் குடுத்து, இது போச்சா போகலையான்னு பாக்கச் சொல்லோணும். அவங்க கம்ப்யூட்டர் எதைக் காட்டும் எதை மறைக்கும்னு யாருக்குங்க தெரியுது? எங்கயோ சிக்கிக் கெடக்குதாட்ட இருக்குது. போய்ச் சேந்திருந்தா எழுதியிருப்பாங்க. கட்டாயம் எழுதியிருப்பாங்க.

உங்க ஊரு வந்துருச்சாட்ட இருக்குது. பையைப் பாத்து எடுங்க. என்னங்க கேட்டீங்க, சத்தத்துல காதுல உழுகல. அன்னிக்கு அப்புடி எழுதுனதுக்கு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேனான்னா?

நான் எதுக்குங்கக்கா கேக்கோணும்? அந்த மெயிலு அவரு பேர்லதானுங்களே போச்சு.